பயவேலியும் ஆறு ஓட்டைகளும்

என் வீட்டுக்காரருக்கு ஸ்பாஞ்சில் ஒரு ஓட்டை போட வரவில்லை. மாதா கோயில் திருவிழாவுக்கு இருபது குழாய் ஒலிபெருக்கி கட்டி, மலை முழுக்கப் பாட்டுக் கேட்க வைத்த மனிதர் அவர். ஆம்ப்ளிஃபயரைப் பேசிக்கொண்டே பிரித்துப் பூட்டுவார். அப்பேர்ப்பட்ட சவரிமுத்து எங்கள் லயன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, உள்ளங்கையளவு ஸ்பாஞ்சு வில்லை ஒன்றைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

கத்தரிக்கோலால் வெட்டினால் ஸ்பாஞ்சு நசுங்கி, விட்டதும் ஓட்டை கோணல்மாணலாக விரிந்தது. டிரில்லிங் மெஷினை வைத்தார். அது பஞ்சைச் சுருட்டிப் பிய்த்து எறிந்தது. ஆணியைச் சுட வைத்துக் குத்தினார். ஓரமெல்லாம் உருகிக் கல்லாகி, வீடு முழுக்க நாற்றம். எல்லாவற்றுக்கும் மேலே, அவர் கை நடுங்கியது. என் கையும் நடுங்கியது. அந்த எஸ்டேட்டில் நடுங்காத கை ஒன்றுகூடக் கிடையாது.

"கொஞ்சம் பிஞ்சிருந்தா என்னங்க? சைக்கிள் டியூப்பு பசை வச்சு அடைச்சுக்கலாம்ல?" என்றேன்.

"அடைக்க முடியாது ரெஜி. இந்த ஓட்டைக்குள்ளதான் மைக்கு உக்காரணும். மைக்கச் சுத்தி ஒரு மயிரிழை சந்து இருந்தாக்கூடப் போதும், அதுவழியா அந்தச் சத்தம் முழுசா உள்ள வந்துரும். மேல்சத்தம்னா பரவாயில்ல. இது கனமான கீழ்ச்சத்தம், தண்ணி மாதிரி எந்தச் சந்துலயும் ஒழுகிரும். பசை வச்சா காஞ்சு வெறைச்சுக்கும், அப்புறம் ஸ்பாஞ்சு காதோட ஒட்டாது."

எந்தச் சத்தம் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்பெனி எங்கள் மேல்சோலை எஸ்டேட்டைச் சுற்றி அறுபது கம்பங்கள் நட்டது. கம்பத்துக்குக் கம்பம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதிலிருந்து வரும் ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. யானைக்கு எட்டும். எட்டினால் யானைக்குக் காரணமில்லாத பயம் வரும், திரும்பிப் போய்விடும். மின்வேலி இல்லை, அகழி இல்லை, ஒரு உயிருக்கும் சேதமில்லை என்று எஸ்டேட்டை நடத்தும் துரை கூட்டம் போட்டுச் சொன்னார். அந்த வருடம் யானை மிதித்து யாரும் சாகவில்லை. நாங்களும் கைதட்டினோம், பாயசம் வைத்துக் குடித்தோம்.

காதுக்கு எட்டாத ஒலி உடம்புக்கு எட்டாமல் இருக்குமா? அதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது மாதத்திலிருந்து பெரிய பெரிய ஆம்பளைகள் கக்கூஸுக்குப் போகத் துணைக்கு ஆள் கூப்பிட்டார்கள். நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் உதவியாளர். நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, கை நடுக்கம் என்று தினமும் நாற்பது பேர் வந்தார்கள். வைட்டமின் மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். எனக்கும் அதையேதான் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரிய வைக்க முடியாது. வீட்டுக்குள் இருக்கும்போது, யாரோ பின்னால் நின்றுகொண்டு மூச்சு விடாமல் இருப்பது போல. கம்பத்தை நோக்கி நடக்க நடக்க அது ஏறும். ஸ்டீபன் என்று ஒரு பையன், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவன், போன வருடம் கம்பத்தைத் தாண்டி ஓடப் பார்த்தான். மறுநாள் ஒரு தேயிலைச் செடியின் தூரைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவனை எடுத்தோம்.

முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் சாமான் செட்டோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடும். வேலி வந்த பிறகு ஒரு குடும்பம்கூடப் போகவில்லை. யானைக்காகப் போட்ட வேலி ஆளையும் நிறுத்தும் என்பதைக் கம்பெனி அப்போதுதான் கண்டுகொண்டது. அதன் பிறகு எஸ்டேட் வாசல் கேட்டில் மட்டும் சனிக்கிழமை பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்துவார்கள், ரேஷன் லாரி வந்து போவதற்கு. அதில் ஏறிப் போக பாஸ் வேண்டும். பாஸ் துரையின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

எங்கள் மகள் டெய்சிக்கு ஏழு வயது. ஐந்து மாதமாக அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாப்பாட்டைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்த கையை எடுக்க மாட்டாள், தூங்கும்போதும்தான். டிஸ்பென்சரித் தராசில் நிறுத்தினால் பதினான்கு கிலோ. மாதம் ஒருமுறை கீழேயிருந்து வரும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளய உடனே எறக்கிருங்கம்மா. இங்கயே இருந்தா மழைக்காலத்தத் தாண்டாது" என்றார்.

துரையிடம் போய் நின்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "கவாத்து முடியட்டும் ரெஜினா, பாக்கலாம்" என்றார். அவர் காதில் கம்பெனி கொடுத்த கறுப்பு நிற இயர்போன் இருந்தது. ஆபீஸ் ஆட்கள் எல்லோர் காதிலும் அது இருக்கும். பாட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். சவரிமுத்து தன் சாமான் பெட்டியை இழுத்துத் திறந்தார். பிறகு, "ஊஞ்சல் ஆடி வரும்போது எதிர்ப்பக்கம் நின்னு, அதே வேகத்துக்கு ஒரு தள்ளு குடுத்தா என்னாகும்?" என்று கேட்டார்.

"நின்னுரும்."

"அதான் அவங்க காதுல இருக்கு. வெளிய இருந்து வர்ற சத்தத்த மைக்கு கேக்கும். ஸ்பீக்கரு அதுக்கு எதிரா ஒரு தள்ளு குடுக்கும். ரெண்டும் சேந்தா ஒண்ணுமில்ல. எங்கிட்ட பழைய ஸ்பீக்கர் இருக்கு, மைக்கு இருக்கு, போர்டு நானே கட்டிருவேன். ஸ்பாஞ்சு மட்டும் வேணும்."

ஸ்பாஞ்சை நான் கொண்டுவந்தேன். டிஸ்பென்சரிப் படுக்கையின் அடியில் யாருக்கும் தெரியாத மூலையிலிருந்து அறுத்து, மதியச் சாப்பாட்டுத் தூக்கில் வைத்து எடுத்து வந்தேன். மூன்று பேருக்கு ஆறு காது, ஆறு வில்லை, ஆறு ஓட்டை. அந்த ஓட்டையில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. பயத்தை நிறுத்த ஒரு சாமான் செய்ய வேண்டும். அதைச் செய்ய நடுங்காத கை வேண்டும். நடுங்காத கைக்கு அந்தச் சாமானே வேண்டும். சிரிப்பு வந்தது எனக்கு, அந்த நிலைமையிலும்.

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். டிஸ்பென்சரியில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. அதன் ஐஸ் பெட்டியில் ஒழுகும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, ஈர ஸ்பாஞ்சை உள்ளேயே மறந்து வைத்திருந்தேன். மறுநாள் எடுத்தால் மரக்கட்டை மாதிரி இருந்தது. சும்மா ஒரு பிளேடை வைத்து இழுத்துப் பார்த்தேன். பாலாடைக்கட்டி போல வழுவழுவென்று வெட்டுப்பட்டது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. அந்த வெட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

அன்றைக்கே வேலையில் இறங்கினோம். பழைய ரேடியோவின் ஏரியலைச் சவரிமுத்து தனித்தனிக் குழாயாகக் கழற்றினார். மைக்கின் அளவுக்குச் சரியான குழாயை எடுத்து, கவாத்துக் கத்தி தீட்டுகிற கல்லில் அதன் வாயைத் தீட்டினார். வில்லைகளை நனைத்து, பாதி பிழிந்து, ஐஸ் பெட்டியில் வைத்தேன். சீக்கிரம் உறையட்டும் என்று குளிரைக் கடைசிவரை திருகினேன். அங்கேதான் நான் ஒரு பாவம் செய்தேன். கீழ்த் தட்டில் குழந்தைகளுக்கான ஊசி மருந்து இருந்தது. அது குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்துவிட்டது. பதினோரு குப்பியைக் குழி தோண்டிப் புதைத்தேன். அந்த வாரம் ஊசி போட வந்த இரண்டு தாய்மாரிடம் மருந்து வரவில்லை என்று பொய் சொன்னேன். என் பிள்ளைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர்களுடையதும் பிள்ளைதான்.

உறைந்த வில்லையைப் பலகை மேல் வைத்து, குழாயை நிறுத்தி, அழுத்திக்கொண்டே திருகினார். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் உறைந்த ஸ்பாஞ்சு நடுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. குழாய் மறுபக்கம் வந்து பலகையைத் தொட்டதும் வெளியே இழுத்தார். குழாய்க்குள்ளே ஒரு சின்ன மஞ்சள் உருளை. வில்லையில் அச்சடித்த மாதிரி ஒரு ஓட்டை. ஆறையும் போட்டு முடித்து, அடுப்புச் சூட்டில் காய வைத்து, மைக்கைச் செருகினோம். சுற்றிலும் ஒரு சந்து இல்லை.

முதலில் டெய்சிக்குத்தான் மாட்டினோம். காதில் வைத்ததும் தலையை உதறினாள். பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் தோள் இறங்கியது. என் தலைப்பை விட்டாள். கையை மடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுப்பைப் பார்த்து, கரகரத்த குரலில், "பசிக்குதும்மா" என்றாள்.

ஐந்து மாதம் கழித்துக் கேட்ட குரல். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சவரிமுத்து தட்டை எடுத்துப் போட்டுச் சோற்றைக் கொட்டினார், பாதி தரையில். அவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பூசைக்குப் போகிற நேரத்தில் கிளம்பினோம். பதினாலாம் நம்பர் தேயிலைக்காட்டின் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கும். ஏழு கிலோமீட்டர் நடந்தால் பஸ் ரோடு. மூட்டை எதுவும் எடுக்கவில்லை, டெய்சியின் ஸ்வெட்டரும் கொஞ்சம் அவலும்தான். மூன்று பேர் தலையிலும் சவரிமுத்துவின் கைவேலை, இரண்டு பெரிய மஞ்சள் வில்லைகளோடு. யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஆனால் நான் நடந்தேன். மூன்று வருடமாக நான் எட்டிக்கூடப் பார்க்காத காட்டில், மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி நடந்தேன். பயம் இல்லாமல் இருப்பது என்ன சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது. கால் லேசாக இருந்தது. டெய்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, வழியில் கண்ட பூவையெல்லாம் பெயர் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பதினாலாம் நம்பர் கம்பம் பனிக்குள்ளிருந்து வந்தது. அதன் அருகே போனபோதுதான் எனக்கு முதுகில் அது தட்டுப்பட்டது. யாரோ பின்னால் மூச்சு விடாமல் நிற்கிற அதே உணர்வு.

"ஏங்க, நில்லுங்க. என்னோடது ஒழுகுது."

"எந்தக் காது?"

"தெரியல. பயம் வருது."

வில்லையைக் காதோடு சேர்த்து அழுத்தினேன். குறையவில்லை. சவரிமுத்துவும் தன் வில்லையை அழுத்திக்கொண்டார். அவர் உதடு வெளுத்திருந்தது. "எனக்கும் லேசா ஒழுகுது ரெஜி. காய வச்சப்ப ஸ்பாஞ்சு சுருங்கிருச்சு போல. கம்பத்துக்குப் பக்கத்துல சத்தம் ஜாஸ்தி, அதான்."

டெய்சி நின்றுவிட்டாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. மூன்று பேருடையதும் ஒரே நேரத்தில் ஒழுகுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடமாக எந்தப் பயம் வந்தாலும் அந்தக் கம்பத்தின் கணக்கில் எழுதிப் பழகிவிட்டோம். பயத்துக்கு வேறு காரணம் இருக்க முடியும் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

"கழட்டிக் குடு, பாக்குறேன். பல்லக் கடிச்சிட்டு ஒரு நிமிஷம் தாங்கு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். அவர் வில்லையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். மைக்கைச் சுற்றி நகத்தால் தடவினார். மறு காதையும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஓட்டை சுத்தமா இருக்கு ரெஜி" என்றார். "எங்கயும் ஒழுகல."

அப்போதுதான் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். கம்பத்துக்கு அடுத்த பக்கம், பாறை என்று நினைத்திருந்த ஒன்று காதை ஆட்டியது.

பெண் யானை. அதன் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி. நான் கையை நீட்டினால் தும்பிக்கையைத் தொட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு பக்கமாக இருந்திருக்காது. அது காது இரண்டையும் விரித்து இரண்டடி முன்னால் வந்தது. என் காதில் ஒன்றுமில்லை, கம்பம் தலைக்கு மேலே நிற்கிறது.

நான் ஓடினேன். டெய்சியின் கையை உதறிவிட்டு ஓடினேன். அவள் "அம்மா" என்றது கேட்டது. கேட்டும் ஓடினேன். தேயிலைச் செடி கிழித்தது, விழுந்தேன், எழுந்தேன், லயன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் என் கையில் என் மகள் இல்லை என்பதைப் பார்த்தேன். தாழை எடுக்க என் கை போனது. எடுக்க முடியவில்லை. மாலை வரை அந்தத் தாழைப் பிடித்தபடி நின்றேன்.

அன்று ராத்திரி போன் வந்தது. யானை அதற்கு மேல் வரவில்லையாம். மண்ணை வாரி இறைத்துவிட்டுக் குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டதாம். சவரிமுத்து டெய்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஓடையில் இறங்கிப் பதுங்கியிருந்து, பிறகு கீழே போய்விட்டார். "திரும்பி வந்து உன்னயக் கூட்டிருக்கணும், புள்ளய வச்சிக்கிட்டு முடியல" என்று அழுதார். நான் அவரைவிட அதிகமாக அழுதேன்.

"நீ ஏன் அழுகுற? அது நீ இல்ல ரெஜி. அந்தக் கம்பத்தோட வேல. என் கையிலதான உன் செட்டு இருந்துச்சு. யாரா இருந்தாலும் ஓடிருப்பாங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதம் உயிரோடு இருந்தேன். அவர்கள் திருப்பூரில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தார்கள். டெய்சி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். வாய் ஓயாமல் பேசுகிறாள், டீச்சர் திட்டுகிறார் என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன். எனக்குப் பாஸ் கிடைக்கவில்லை. இனி கிடைக்கவும் கிடைக்காது என்று துரை ஆபீஸில் சொல்லியனுப்பினார்கள். பரவாயில்லை என்று இருந்தேன்.

நேற்று வேலி வாட்சர் சுடலைக்கண்ணு கையில் காயத்தோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். கம்பி கிழித்த காயம். கழுவிக் கட்டுப் போட்டேன்.

"கொரங்கும்மா. பெட்டியத் தொறந்து ஒயரெல்லாம் பிடுங்கிப் போட்டுருது. இதோட ரெண்டாவது தடவ" என்றார்.

"மொதல் தடவ எப்ப அண்ணே?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிறாதீங்க. உங்க வீட்டுக்காரர் போனாரே, அதுக்கு மொத நாள் சாயந்தரம். ஒம்போதாம் நம்பர்லருந்து பதினாலு வரைக்கும் செத்துக் கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானந்தான் சரி பண்ணோம். தெரிஞ்சா ஆளுக எறங்கிப் போயிரும்னு தொரை மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு. நல்லவேள, யானகூட கம்பத்தடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு."

"பதினாலுல சத்தமே இல்லையா?"

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லம்மா."

நான் கட்டின கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். முடிச்சு விழவில்லை. அவரே கட்டிக்கொண்டு போனார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டெய்சி போன் பண்ணுகிற நாள். சவரிமுத்துவிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவர் நல்ல மனிதர், கம்பத்தைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். பிள்ளைக்கு எப்படியும் எதுவும் தெரியப்போவதில்லை. பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, நானாகவே வாயைக் கொடுத்தேன்.

"டெய்சி, அன்னைக்கு அம்மா ஓடினது அந்தச் சத்தத்தாலதான்டா. அப்பா சொன்னாரு இல்ல?"

"சொன்னாரும்மா."

"உனக்கு அது கேக்கல, உன் காதுல செட்டு இருந்துச்சு. அதான் நீ பயப்படாம நின்ன."

பின்னால் அவள் அத்தை வீட்டுத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு யாருக்கும் கேட்காதபடி வாயைப் போனோடு ஒட்டி வைத்துப் பேசினாள்.

"நீ கைய உதறினப்பவே என் செட்டு கீழ விழுந்துருச்சும்மா. அப்பா வந்து தூக்குற வரைக்கும் காதுல எதுவும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லம்மா, சும்மா காத்து மட்டுந்தான் அடிச்சுச்சு."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்பாகிட்ட நான் சொல்லல" என்றாள்.